கழற்றிப் பார்த்தவரின் கதை



கோவை அவினாசிச் சாலையில், உப்பிலிபாளையத்துக்கும் கோல்டுவின்ஸுக்கும் இடையே, பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளத்தில் ஒரு மேம்பாலம் எழுந்து நிற்கிறது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9-ஆம் நாள் திறந்து வைக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் என்று பெயர். பாலத்தின் மேலும் கீழுமாக நாள்தோறும் கல்லூரி மாணவர் கூட்டம் கூட்டமாகச் செல்கின்றனர். கீழ்ச்சாலையில் 'ஹோப் காலேஜ்' என்றொரு பேருந்து நிறுத்தம் உண்டு. அங்கே இறங்கி, "ஹோப் கல்லூரி எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்கப்பட்டவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். ஏனெனில் அந்தப் பெயரில் அங்கே கல்லூரி ஏதும் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

மேலே பாலத்தில் இருக்கும் பெயருக்கும் கீழே நிறுத்தத்தில் இருக்கும் பெயருக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பிலே கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய பாடம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஜி.டி. நாயுடுவைப் பற்றி நம் கல்லூரி விழாக்களில் ஒரு கதை சொல்லப்படுவது வழக்கம். 1893-இல் கோவையை அடுத்த கலங்கல் சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர், பட்டம் எதுவும் பெறாதவர். ஆயினும் 'இந்தியாவின் எடிசன்' எனப் புகழப்பட்டார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, மேடையில் நிற்பவர் குரலை உயர்த்தி, "படிக்காத மேதை!" என்பார். அரங்கம் அதிரக் கையொலி எழும். நானும் அந்த அரங்கில் அமர்ந்து கை தட்டியவன்தான்.

கை தட்டி முடித்து வெளியே வரும் மாணவன் தன் நெஞ்சில் எதை எடுத்துக்கொண்டு வருகிறான்? "படிப்பில் என்ன இருக்கிறது? பட்டம் வெறும் தாள்தானே! எப்படியாவது தேறிவிட்டால் போதும், பிழைக்கும் வழி வேறு" என்பதையே எடுத்துக்கொண்டு வருகிறான். தேர்வுக்கு முன்னிரவு குறிப்பேட்டை உருப்போடுவதற்கு அந்தக் கதையே அவனுக்கு நற்சான்று வழங்கிவிடுகிறது. படிக்காமலே ஒருவர் மேதையானார் என்றால், பாதி படித்த நாம் முக்கால் மேதையாக மாட்டோமா என்று அவன் கணக்குப் போடுகிறான்!

அந்தக் கதை பொய்யன்று. ஆனால் பாதிக் கதை. பொய்யைக் காட்டிலும் பாதிக் கதை தீமை பயப்பது. பொய்யை மறுத்துவிடலாம், பாதிக் கதையோ உண்மையின் உடையை உடுத்துக்கொண்டு உலவுகிறது. விட்டுப்போன மறுபாதியை எடுத்துக்காட்டுவது திறனாய்வாளனின் கடமை.

மறுபாதி இதுதான். வெள்ளைக்கார அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததை இளைஞர் நாயுடு கண்டார். குதிரையும் இல்லை, மாடும் இல்லை, வண்டி ஓடுகிறது! அந்தக் காலத்தில் அதைக் கண்டு வியந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருந்திருப்பர். வியந்து, வாய் பிளந்து, வீட்டுக்குப் போய் உறங்கியிருப்பர். நாயுடு உறங்கவில்லை. கோவைக்கு வந்து உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார், காசு சேர்த்தார், அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றக் கிளம்பினாரா? இல்லை. வண்டியைக் கழற்றினார். திருகு திருகாக, உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் போட்டார். எது எதோடு சேர்கிறது, எது அசைந்தால் எது அசைகிறது என்று பார்த்தார். பிறகு மறுபடி பூட்டினார். இதுவே அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி.

படிக்காதவரா அவர்? தோழர்களே, அந்த நாட்களில் கோவையிலேயே அவரைக் காட்டிலும் கடுமையாகப் படித்தவர் எவரும் இருந்திருப்பரோ என்று ஐயுறுகிறேன். அவருக்குக் கிடைத்த ஏடு இரும்பினால் ஆனது, எழுத்துகள் திருகாணிகள். முதல் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படித்தார். படித்ததைத் தம் கையால் திரும்ப எழுதியும் காட்டினார். நம்மில் எத்தனை பேர் நம் பாடநூலை அப்படிப் படித்திருக்கிறோம்?

அந்தப் படிப்பின் பயன் பின்னர் விளைந்தது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விடுத்தார். ஒரு வண்டியில் தொடங்கிய தொழில் பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, பீளமேட்டில், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். கொங்கு நாட்டுக் கிணறுகளிலிருந்து நீர் இறைக்கும் மோட்டார்த் தொழிலுக்கும், இன்று கோவையின் பட்டறைகளில் ஓயாது ஒலிக்கும் இயந்திர ஓசைக்கும் அங்கேதான் ஒரு தொடக்கம். "இது எப்படி இயங்குகிறது?" என்று கேட்ட ஒரு வினா, ஒரு வட்டாரத்தின் தொழிலையே மாற்றிற்று. மேடையிலே இந்த வினாவைச் சொல்லுவதில்லை. 'படிக்காத மேதை' என்னும் பட்டத்தை மட்டும் சொல்லுகிறார்கள். பட்டம் வாங்காதவருக்கும் ஒரு பட்டம் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டோம்!

இனி அந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு வருவோம். 1945-இல் நாயுடுவின் முயற்சியாலும் கொடையாலும் கோவையில் பொறியியல் கல்லூரி ஒன்று எழுந்தது. அன்று சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பட்டம் பெறாதவர் பட்டம் வழங்கும் கல்லூரிக்கு வித்திட்டார்! ஆனால் அந்தக் கல்லூரியோடு அவர் நெடுநாள் இணைந்திருக்க இயலவில்லை. நான்கு ஆண்டுப் படிப்பு தேவையில்லை, முறையாகக் கற்பித்தால் இரண்டே ஆண்டுகளில் பொறியியலைக் கற்பித்துவிடலாம் என்பது அவர் கருத்து. அரசு அதை ஏற்கவில்லை. அவர் பொறுப்பிலிருந்து விலகினார். 1950-இல் கல்லூரி தடாகம் சாலைக்குக் குடிபெயர்ந்தது; இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்னும் பெயரோடு விளங்குகிறது. பழைய இடத்தில் பெயர் மட்டும் எஞ்சிற்று.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? நாயுடுவின் மீதுள்ள மதிப்பினாலே அவர் சொன்னது அனைத்தும் சரி என்று சொல்லிவிடுவது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. எனவே எடை போட்டுப் பார்ப்போம். ஏட்டில் கழியும் காலத்தில் பெரும்பகுதி வீண். பட்டறையில் கை படாத பொறியியல் பொறியியலே அன்று. ஆண்டுக் கணக்கு அறிவின் கணக்கு ஆகாது. இவை அவர் கண்ட உண்மைகள். இவற்றை மறுப்பார் இலர். ஆனால் எல்லா அறிவும் இரண்டு ஆண்டில் கைக்கு வருமா? மோட்டார் சைக்கிளைக் கழற்றலாம். திருகாணி கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கழற்றிப் பார்க்க நேர்ந்தால்?

அதற்கும் கோவையிலேயே விடை இருக்கிறது. 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம் இந்நகரில் உள்ளது. நாணலைப் போல மெலிந்து வளரும் காட்டுக் கரும்பையும் தோட்டக் கரும்பையும் ஒட்டி, வடநாட்டுக் குளிரையும் தாங்கும் புது இனத்தை அந்நிலையத்தார் உண்டாக்கினர். 'கோ 205' என்னும் அந்தக் கரும்பு 1918-இல் உழவர் கைக்குச் சென்றது. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும் எழுத்து. அந்த நிலையத்துக்கு 1934-இல் ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். தலச்சேரியில், பிற்படுத்தப்பட்ட தீயர் வகுப்பிலே பிறந்து, சென்னையில் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்ற ஜானகி அம்மாள். பெண்கள் பள்ளி செல்வதே அரிதாக இருந்த காலம் அது.

அவர் கழற்றிப் பார்த்தது கரும்பின் உயிரணுவை. அதற்குள் இழை இழையாய்க் கிடக்கும் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணினார். எந்தக் கரும்பு எதனோடு சேரும், ஏன் சேரும், சேர்ந்தால் பிள்ளைப் பயிரில் எத்தனை இழை வரும் என்று ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட ஒட்டிப் பார்த்தார். 1939-இல் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து, பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுத்துரைக்கும் பெருநூலை 1945-இல் வெளியிட்டார். ஆம், ஆர்தர் ஹோப் கல்லூரி தொடங்கிய அதே ஆண்டு! இந்த அறிவு இரண்டு ஆண்டில் வாராது. பட்டறையில் மட்டும் வாராது. நூலும் ஆய்வகமும் நெடிய பொறுமையும் வேண்டும்.

ஆக, ஒரே நகரில் இருவர். ஒருவர் பட்டமே பெறாதவர். மற்றவர் பட்டங்களில் உயர்ந்ததைப் பெற்றவர். இருவரையும் உயர்த்தியது எது? பட்டம் இன்மையும் அன்று. பட்டம் உடைமையும் அன்று. தம் முன்னே இருந்த பொருளைப் பிரித்துப் பார்த்து, ஏன், எப்படி என்று உணரும்வரை விடாதிருந்த ஒரே பண்பே இருவரையும் உயர்த்தியது. 'படிக்காத மேதை'க் கதை மறைத்துவிடும் உண்மை இதுதான். பட்டம் வேண்டாம் என்பதன்று நாயுடுவின் வாழ்க்கை தரும் பாடம். பட்டம் போதாது என்பதே பாடம். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

திருக்குறளின் அதிகார வைப்பைப் பாருங்கள். கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அத்துடன் நின்றுவிடவில்லை. கேள்விக்கு ஓர் அதிகாரம், அறிவுடைமைக்குத் தனியே ஓர் அதிகாரம். கல்வியே அறிவு என்று அவர் கருதியிருந்தால் ஓர் அதிகாரம் மிச்சமாகியிருக்கும்! கற்பது ஒன்று, அறிவது மற்றொன்று, முன்னதிலிருந்து பின்னதற்கு நடந்து செல்லவேண்டும் என்பதை அந்த வரிசையே உணர்த்துகிறது. நம் பல்கலைக்கழகங்களோ முதல் அதிகாரத்திலேயே முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன.

பிறர் மீது குற்றம் சாட்டுமுன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பொருளியல் பயின்று பட்டம் பெற்றவன் நான். குறைந்து செல் விளைவு விதி என்றொரு பாடம் உண்டு: நிலத்தின் அளவு மாறாதிருக்க, உழைப்பையோ உரத்தையோ மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல், கூட்டிய அளவுக்கு விளைச்சல் கூடாது. இந்த விதியை மூன்று பக்கம் எழுதினேன்; படமும் வரைந்தேன்; நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். தேர்வு முடிந்து பல்லடம் வட்டாரத்திலுள்ள எங்கள் சிற்றூருக்குச் சென்றபோது, என் தந்தையார் வரப்பில் அமர்ந்துகொண்டு கேட்டார்: "ஏஞ் சாமி, மொத மூட்டை ஒரம் போட்டப்பக் கண்ணுக்குத் தெரிய வெளஞ்சுது. மூணாவது மூட்டைக்கு ஒண்ணுங் காணமே. இது எந்தக் கணக்குல சேத்தி?"

நான் சொன்ன விடை என்ன தெரியுமா? "உரம் கலப்படமாக இருக்கும், அப்பா."

ஓராண்டு கழித்து, பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பாடம் நடத்த ஆயத்தம் செய்துகொண்டிருந்த ஓர் இரவில் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். வெட்கத்தால் குன்றிப்போனேன். என் தந்தையார் அந்த விதியைத் தம் கண்ணால் கண்டு, தம் சொல்லால் வினவியிருந்தார். மூன்று பக்கம் எழுதிய எனக்கு, அது என் எதிரே வரப்பில் வந்து அமர்ந்தபோது அடையாளம் தெரியவில்லை. ஏட்டைக் கற்றவன் நான். பொருளை அறிந்தவர் அவர். பட்டமோ என் கையில்!

இது எனக்கு மட்டும் நேர்ந்த இழிவு என்று எண்ணியிருந்தேன். பின்னர், 1965-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஃபெயின்மன் தம் நூலொன்றில் எழுதியிருப்பதைப் படித்தேன். 1951-52-இல் அவர் பிரேசில் நாட்டின் ரியோ நகரில் பாடம் நடத்தினார். ஒளியின் ஒருதிசை அதிர்வைப் பற்றி மாணவரைக் கேட்டால், விதியைச் சொல் பிசகாமல் ஒப்பித்தனர். அதே மாணவரிடம், அந்த ஒளியைப் பிரித்துக்காட்டும் தகட்டைக் கையில் கொடுத்து, எங்கே அத்தகைய ஒளியைக் காணலாம் என்று கேட்டபோது விழித்தனர். சன்னலுக்கு வெளியே கடல். கடல்நீரில் பட்டு மீளும் ஒளியே அவர்கள் ஒப்பித்த விதியின் உயிருள்ள சான்று. அவர் சொல்லித் தகட்டைத் திருப்பிப் பார்த்த பிறகே அதைக் கண்டனர். பல்லடத்து வரப்பும் ரியோவின் கடற்கரையும் ஒரே கதையைத்தான் சொல்லுகின்றன: நெட்டுருப் போட்டவனுக்குச் சன்னல் இல்லை.

மாணவன் மட்டுமா குற்றவாளி? அல்லன். அவனை அப்படி வார்த்தெடுத்த அச்சு எது என்று பார்க்க வேண்டும். நம் கொங்கு நாட்டின் நாமக்கல் வட்டாரம் கோழிப்பண்ணைக்குப் பெயர் பெற்றது. அங்கே வளர்ந்த விடுதிப் பள்ளிகள் சிலவற்றை மக்கள் 'பிராய்லர் பள்ளி' என்றே அழைக்கலாயினர். பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு ஓட ஓட உருப்போட வைக்கும் முறைக்கு மக்கள் சூட்டிய பெயர் அது. இதைத் தடுக்க, 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் அரசு பொதுத்தேர்வு வைத்தது. தேர்வால் வந்த நோய்க்கு மற்றொரு தேர்வு மருந்து! 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. தேர்வு வந்தது, போனது. உருப்போடும் வழக்கம் மட்டும் போகவில்லை.

சுவீடன் நாட்டுக் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டன், சாலியோ என்னும் இருவர் 1976-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவரிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்து, படித்தபின் வினாக் கேட்போம் என்றனர். சிலர் நினைவில் நிறுத்த வேண்டிய துணுக்குகளைத் தேடிக்கொண்டே படித்தனர். சிலர், எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தேடிப் படித்தனர். முன்னவர்க்குக் கட்டுரையின் கருத்தே கைக்கு எட்டவில்லை. எத்தகைய வினா வரும் என்று மாணவன் எதிர்பார்க்கிறானோ, அதற்கேற்ப அவன் படிக்கும் முறை மாறுகிறது என்பதையும் அவர்கள் கண்டனர். அப்படியானால் வினாத்தாள் எழுதும் பேராசிரியர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. 'வரையறு', 'பட்டியலிடு', 'குறிப்பு வரைக' என்று ஆண்டுதோறும் அதே வினாக்களை அடுக்கிவிட்டு, மாணவன் சிந்திக்கவில்லை என்று குறைகூறுவது, மேட்டுக்கு வாய்க்கால் வெட்டிவிட்டு நீரைப் பழிப்பது போன்றதாகும்.

மொழிக்கும் இதில் பங்குண்டு. புரியாத மொழியில் கேட்டதைப் புரியாமலே ஒப்பிப்பது எளிது. புரிந்த மொழியில் பிதற்றினால் அகப்பட்டுக்கொள்வோம். வடமொழி மந்திரத்தைப் பொருள் தெரியாமல் முணுமுணுப்போரை எள்ளி நகையாடிய நாம், ஆங்கிலச் சூத்திரத்தைப் பொருள் தெரியாமல் முணுமுணுத்தால் அதற்குப் பெயர் என்ன? அதுவும் மந்திரமே, ஓதுபவர்தாம் வேறு. இந்த நோய்க்கு மருந்து தேடியதிலும் கோவைக்கு முதலிடம் உண்டு. அறிவியலைத் தமிழில் சொல்லக் 'கலைக்கதிர்' இதழை ஜி.ஆர். தாமோதரன் நடத்தியது இந்நகரிலிருந்துதான். கல்லூரியில் கலைப்பாடங்களைத் தமிழ்வழியில் கற்பிக்கும் முயற்சி 1960-இல் தொடங்கப்பட்டதும் கோவை அரசினர் கலைக் கல்லூரியில்தான். ஆங்கிலத்தைக் கல்லாதே என்பதன்று என் கூற்று, நன்றாகக் கல். ஆனால் எதை உன் தாய்க்குத் தமிழில் சொல்ல முடியவில்லையோ, அதை நீ எந்த மொழியிலும் அறிந்துகொள்ளவில்லை.

"தேர்வில் தேறினேன், வேலை கிடைத்தது, புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன?" என்று கேட்கும் தோழனுக்கு ஒன்று சொல்வேன்.

உன் கையிலுள்ள பட்டம் உன் ஒருவனின் உடைமை அன்று. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி உரிமைக்கு முதல் ஆணை பிறப்பித்தது தொட்டு, நம்மவர் கல்விக்கும் பதவிக்கும் கதவு திறக்கப் போராடினர். கல்லூரி இடங்களில் அந்த உரிமை செல்லாது என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தபோது தமிழகம் கொதித்தெழுந்தது. 1951-இல் அரசியல் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 1953-இல் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற திட்டம் வந்தபோது, குலக்கல்வி என்று கூறி எதிர்த்து, 1954-இல் அதை வீழ்த்தினர். 2010-இல் தொடங்கி, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வழங்கப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகுதான், 2021-22 கணக்கின்படி, கல்லூரி செல்லும் வயதினரில் உயர்கல்விச் சேர்க்கை இந்திய அளவில் நூற்றுக்கு 28 என்றிருக்க, தமிழ்நாட்டில் 47 ஆக உயர்ந்து நிற்கிறது.

அந்தக் கதவுகளைத் திறக்கும்போதெல்லாம் ஒரு குரல் ஒலித்தது: "இவர்களுக்கு இடம் கொடுத்தால் தகுதி கெடும், திறமை போகும்." அந்தக் குரலுக்கு நம் முன்னோர் போராட்டத்தால் விடை கூறினர். இன்று விடை கூற வேண்டியவன் நீ. பொருள் உணராத பட்டத்தோடு நீ வெளியே வருவாயானால், பொய்யான அந்தக் குற்றச்சாட்டுக்கு மெய்யான சான்று போல உன்னைக் காட்டுவார்கள். பரம்பரையாகப் படித்த வீட்டுப் பிள்ளை அரைகுறையாகப் படித்தால், "பையன் விளையாட்டுப் புத்தி" என்பார்கள். நீ அரைகுறையாகப் படித்தால் உன் வகுப்பின் மீதே பழி போடுவார்கள். அது அநீதிதான். ஆயினும் அநீதி இருக்கிறது என்பதனாலேயே நமக்கு அரைகுறைக் கல்வி கட்டுப்படியாகாது.

மேலும் ஒன்று. கேட்ட நொடியில் கட்டுரை எழுதித் தரும் கணினிப் பொறிகள் வந்துவிட்டன. ஒப்பிக்கும் தொழிலில் அந்தப் பொறியோடு எந்த மாணவனும் இனிப் போட்டியிட இயலாது. அது தரும் விடை சரியா, பிழையா என்று பிரித்துப் பார்க்கும் அறிவு ஒன்றே மனிதன் கையில் எஞ்சியிருக்கும் கருவி. அந்தக் கருவியையும் துருப்பிடிக்க விட்டால், நாளைக்கு நம்மை வேலைக்கு அழைப்பவர் யார்?

பகுத்தறிவாளர் என்று பெருமை பேசிக்கொள்ளும் நம் இளைஞர்க்கும் ஒரு சொல். கோபம் கொள்ளாமல் கேளுங்கள். நம் கூட்டங்களில் பெரியாரின் கருத்துகளைக் கடகடவென ஒப்பிக்கும் தோழர்களைக் கண்டிருக்கிறேன். "அவர் இதை ஏன் சொன்னார்? எந்த நிலையில் சொன்னார்? மறுப்பவர் வாதம் என்ன? அதற்கு உன் விடை என்ன?" என்று கேட்டால், மீண்டும் அதே வரியை உரத்த குரலில் சொல்லுகிறார்கள். குரல் உயர்ந்தது, விளக்கம் உயரவில்லை. நான் சொல்லுகிறேன் என்பதற்காக நம்பாதே, உன் அறிவுக்குச் சரியெனப்பட்டால் கொள் என்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியவர் ஈரோட்டுப் பெரியவர். அவரையே உருப்போடுவது அவருக்குச் செய்யும் சிறப்பு ஆகுமா? பகுத்தறிவு என்ற சொல்லிலேயே 'பகுத்தல்' இருக்கிறதே! பகுப்பது என்றால் கழற்றிப் பார்ப்பது. கழற்றிப் பார்க்காத பகுத்தறிவு, திருநீறு பூசாத பக்தி, வேறொன்றுமில்லை.

செய்ய வேண்டுவது என்ன? நான் என் மாணவருக்குச் சொல்வதையும், எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் கட்டளைகளையும் கூறுகிறேன்.

ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும் ஏட்டை மூடிவிட்டு, படிக்காத ஒருவர்க்கு அதை வீட்டுப் பேச்சில் சொல்லிப் பார். எங்கே நா தடுமாறுகிறதோ அங்கே நீ புரிந்துகொள்ளவில்லை. அந்த இடத்துக்குத் திரும்பிப் போ.

ஒவ்வொரு விதிக்கும் உன் ஊரில் ஒரு சான்று தேடு. வெப்பவியல் படிப்பவன் சூளைக்குப் போகட்டும். வேதியியல் படிப்பவன், சாயநீர் நொய்யலை என்ன செய்தது என்று திருப்பூரில் பார்க்கட்டும். வரலாறு படிப்பவன் தன் ஊர்க் கோயில் கல்வெட்டின் முன் நிற்கட்டும். சான்று கிடைக்காத விதி இன்னும் உன்னுடையது ஆகவில்லை.

குறிப்பேடு கருதி மூலநூலைக் கைவிடாதே. பிறர் மென்று தந்ததில் சுவையும் இராது, சத்தும் இராது. பருவத்துக்கு ஒரு மூல நூலையாவது முதலிலிருந்து முடிவு வரை படி.

"இது எப்படித் தெரியும்?" என்று வகுப்பில் கேள். பணிவோடு கேள், ஆனால் கேள். அந்த வினாவுக்குச் சினக்கும் ஆசிரியர் இருப்பார். அதற்காகக் காத்திருக்கும் ஆசிரியரும் இருப்பார். மாணவன் கேட்ட வினாவுக்கு விடை தெரியாமல் இரவெல்லாம் நூல் புரட்டிய நாள்களே, என் ஆசிரியப் பணியில் நான் உண்மையாகக் கற்ற நாள்கள்.

தனியே செய்ய இயலாவிட்டால் கூடிச் செய்யுங்கள். நம் இயக்கம் வளர்ந்தது மாளிகைகளில் அன்று. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் மன்றப் படிப்பகத்திலும் ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டு, பதினோராவது ஆள் மறுத்துப் பேச, அப்படி வளர்ந்தது. எழுத்தறியாதவரும் அங்கே வாதிட்டனர். அந்தப் படிப்பகத்தை உங்கள் விடுதி அறைக்குக் கொண்டு செல்லுங்கள். கிழமைக்கு ஒரு மாலை, ஐந்து பேர், ஒரு பாடம். ஒருவன் விளக்கட்டும், மற்றவர் குடையட்டும். பொருள் தானே வெளிவரும்.

தோழர்களே! அடுத்த முறை அவினாசிச் சாலையில் செல்லும்போது ஹோப் காலேஜ் நிறுத்தத்தைக் கவனியுங்கள். கல்லூரி எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இடம் மாறிவிட்டது. பெயர்ப்பலகையும் நடத்துநரின் குரலும் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஓர் ஊருக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதால் இழப்பு ஏதுமில்லை. ஆனால் ஒரு மனிதனுக்கு அந்த நிலை வந்துவிடக் கூடாது. பெயருக்குப் பின்னால் பட்டம் நிற்க, அதற்குரிய படிப்பு உள்ளே இல்லாமல் போய்விடக் கூடாது.

உங்கள் ஏடு உங்கள் முன்னே இருக்கிறது. திருகைக் கையில் எடுங்கள், கழற்றிப் பாருங்கள்.